கீழ ஆளு கீதா?

குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனவன் கதையைக் கேட்டிருப்பீர்கள். நான் அந்த ஆளோடு சம்பந்தமே வைத்திருக்கிறேன். என் அக்காவைக் கட்டிய ஏசுபாதம் மாமாதான் அவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறார். அதே ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். பெயர் சாலமோன். "பேருதான்டா ஞானி பேரு, தலைக்குள்ள ஒண்ணும் கெடையாது" என்று மாமா என்னைக் கிண்டல் செய்வார். யார் தலைக்குள் ஒன்றும் இல்லை என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

மாமா கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய அப்பா படாளம் பக்கம் அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சொந்தமென்று ஒரு வரப்புகூடக் கிடையாது. மகன் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து, கம்பத்தில் ஏறி, குடும்பத்தையும் கூடவே மேலே ஏற்றினார். அதை நான் மறுக்கவில்லை. வேலையில் அவர் சூரர். கீழே ஒரு ஆள் நிற்காமல் கம்பத்தில் கையை வைக்க மாட்டார். ஏறின பிறகும் சும்மா இருக்க மாட்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் மேலேயிருந்து ஒரு கத்து: "கீழ ஆளு கீதா?" கீழே நிற்கிறவன் "கீது, கீது" என்று பதில் சொல்லியாக வேண்டும். பதில் வரவில்லையென்றால் வேலையை அப்படியே விட்டு இறங்கிவந்து, டீக்கடையில் நிற்கிற அந்த ஆளைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்.

"மேல கீறவனுக்கு இன்னா ஆனாலும் கத்துறதுக்கு வாய் கீது. கேக்குறதுக்கு கீழ ஒரு காது வேணாமா? டீ இன்னா ஓடியா பூடும்?"

அப்படி இருந்ததால்தான் சர்வீஸ் முழுக்க எந்தக் கம்பத்திலிருந்தும் அவர் விழவில்லை.

அப்படிக் கத்திக் கத்திப் பழகின தொண்டையை மனுஷன் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கிறிஸ்தவச் சபைக்கும் கொண்டுவருவார். வந்து பாடுவார். ஐயோ, அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டு கோபித்துக்கொள்ளும். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், மாமா தனியாக ஒரு பக்கம். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: மனுஷன் ஒரு ஞாயிறு தப்ப மாட்டார். ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு இடம். அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள், காதுக்குப் பயந்துதான்.

ஒரே ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். பாட்டு தொடங்கி முதல் அடி முடிவதற்குள் சபையே தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தது. ஆராதனை முடிந்ததும் ஒரு கூட்டம் நேராக அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. "இன்னா ஏசுபாதம், இன்னிக்கு சத்தமே காணோம்?" ஒருத்தர் கையில் ரொட்டி, ஒருத்தர் கையில் கஞ்சி. எங்கள் சபையில் வருகைப் பதிவு கிடையாது. மாமா தொண்டை இருக்கும்போது அது எதற்கு?

பிறகு அக்கா செத்துப்போனாள். ஒரே மகள் ஜெனிட்டா மஸ்கட்டில் நர்ஸ். ஊரில் அப்பா தனியாக இருக்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளை அடுக்குமாடியில் வீடு வாங்கி, அங்கே கொண்டுபோய்த் தனியாக வைத்தது. படித்தவர்கள் ஏற்பாடு அப்படித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் பெயர் அவருக்குத் தெரியாது, அவர் பெயர் அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் ஞாயிறு காலையில் நான் ஆட்டோவைக் கொண்டுபோய் கேட் முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தால், வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கி வந்துவிடுவார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் முகத்தில் கொஞ்சம் களை இருக்கும்.

அதையும் கெடுக்க ஒரு புது ஐயர் வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் குழம்பிப்போவீர்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பூணூல் போட்ட ஐயர் இல்லை, வெள்ளை அங்கி போட்ட ஐயர். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். வெளியாள் யாருக்கும் இது புரியாது. அவர்களுக்குப் புரியாது என்பது எங்களுக்கும் நினைவுக்கு வராது.

புது ஐயர் சின்ன வயசு, துறுதுறு. வந்ததும் கேமரா, ஸ்டாண்டு, லைவ். சபையே செல்போனில் தெரிகிறது என்று எல்லாருக்கும் பெருமை. ஒரு நாள் ஆராதனை முடிந்து கைகொடுக்கும்போது மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. லைவ்ல உங்க குரல் மட்டும் தனியா வருது. வெளிநாட்டுல பாக்கறவங்க கமெண்ட் போடறாங்க. கொஞ்சம் மெதுவாப் பாடினா நல்லாருக்கும்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! எங்கோ துபாயில் கட்டிலில் படுத்து நாஸ்தா தின்றுகொண்டே பார்க்கிறவனுக்குக் காது வலிக்கிறதாம். அதற்காக, எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறவன் வாயைக் கட்டுகிறார். இப்படி ஒரு புத்தி எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்களோ. அவர் புத்தி அப்படியென்றால் மாமா புத்தி அதற்கு மேலே. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினார். வல்லம் தாண்டினபிறகுதான் வாயைத் திறந்தார்.

"மச்சான், இனிமே இந்த ஐயர் மூஞ்சியில முழிக்க மாட்டேன். இந்த வாசப்படிய மெரிக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறு ஹாரன் அடித்தேன். பால்கனியில் வந்து நின்று, போ போ என்று கையை வீசினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மேலே ஏறிப் போய்ப் பார்த்தால், மனுஷன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிவி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். டிவியில் என்ன ஓடுகிறது? அதே சபை! அதே ஐயர்! எந்த லைவுக்காக வெளியே வந்தாரோ அதே லைவ்! எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"இன்னா மாமா, மூஞ்சியில முழிக்க மாட்டேன்னியே?"

"நான் அவரப் பாக்கிறேன். அவரு என்னப் பாக்க முடியாதில்ல?" என்றார். என்ன ஒரு சாமர்த்தியம்!

அதிலிருந்து மாமா ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார். ஞாயிறு காலையில் எங்கள் சபை, அது முடிந்ததும் கோயம்புத்தூரில் ஒருத்தர், பிறகு அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சபை. "நான் ஒரு நாள்ல மூணு ஆராதனை பாக்கிறேன். நீ ஒண்ணுதான்" என்று என்னிடம் பெருமை வேறு. அந்த இரண்டும் முன்னாலேயே பதிவு செய்தது என்பதால், காணிக்கை எடுக்கிற நேரத்தில் ஓட்டிவிடுவார். ஜெபம் நீண்டால் ஓட்டிவிடுவார். பிரசங்கம் பிடிக்கவில்லையென்றால் ஆளையே மாற்றிவிடுவார். யார் எந்த இடத்தில் தப்பாகப் பேசினார், யார் சட்டை பளபளப்பாக இருந்தது, எல்லாம் அத்துப்படி. ஆனால் இரண்டு நிமிஷம் கண்ணை மூடி ஜெபிப்பதை நான் பார்க்கவில்லை. சபையில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறன்று டிவி ஸ்டாண்டில் ஒரு மாரி பிஸ்கட்டும் டம்ளரில் திராட்சை ஜூஸும். ஜூஸில் ஒரு ஈ.

"ஏன் மாமா, ஈக்கும் சேத்தா திருவிருந்து?"

"போடா. ரெண்டு பேரு மூணு பேரு கூடினா சபைதான்."

"ரெண்டாவது ஆளு யாரு? ஈயா?"

மாமா ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு ஜூஸைக் குடித்தார்.

"சபையில எல்லாரும் மாய்மாலக்காரனுங்க" என்பார். அது எனக்குத் தெரியாதா? எனக்கும் எங்கள் சபையைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. கமிட்டி எலெக்ஷன் வந்தால் அண்ணன் தம்பி பேச மாட்டார்கள். கிறிஸ்துமஸ் பிரியாணியில் யாருக்குக் கறி கூட விழுந்தது என்று பொங்கல் வரைக்கும் பஞ்சாயத்து நடக்கும். ஆனால் கம்பத்துக்குக் கீழே நிற்கிறவன் பரிசுத்தவானா என்று மாமா என்றைக்காவது பார்த்தாரா? நின்றால் போதும் என்றுதானே இருந்தார்? இதை நான் நேரிலேயே கேட்டேன்.

"கம்பத்துல ஏறினா கீழ ஆளு வேணும்னு அத்தினி பேருக்கும் சொன்னியே. இப்ப மூணாவது மாடியில தனியா குந்திகினு கீறியே, உனுக்குக் கீழ யாரு கீறாங்க?"

"கீழ் வூட்ல ஒரு பொண்ணு கீது, வரலட்சுமின்னு. டிவி சத்தம் ஜாஸ்தின்னு வாரா வாரம் பேஜாரு பண்ணிகினு கீது" என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று.

அந்தப் பெண் சண்டை போட்டதும் நியாயம்தான். மாமா டிவியை அலறவிட்டு, கூடவே தானும் அலறுவார். கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுக்கிற பெண் அது. கொஞ்ச நாள் கதவைத் தட்டிப் பார்த்தது, பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மேலே அப்படித்தான் என்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். எங்கள் அக்கா போன பிறகு இந்த மனுஷனுக்கு இருக்கிறது இந்த வீம்பு ஒன்றுதான். இதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் செத்துக் கிடப்பார், நாற்றம் அடித்தால்தான் கதவை உடைப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் திட்டிக்கொண்டாவது வாரா வாரம் ஹாரன் அடித்தேன். அவரும் சலிக்காமல் பால்கனியில் வந்து கையை வீசினார்.

போன ஆடி மாசம் ஒரு ஞாயிறும் அப்படித்தான் கையை வீசினார். நான் சபைக்குப் போய்விட்டேன். அவர் லைவ் போட்டார். பிரசங்கம் தொடங்கியதும், ஓட்டிவிட முடியாத அவசரம் வந்து பாத்ரூமுக்குப் போனார். கம்பத்தில் விழாத சூரர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. எழுந்திருக்க முடியவில்லை. செல்போன் ஹாலில் டிவியோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு அவரே சொன்னார்: "ஐயரு அங்க 'நீ தனியா இல்ல, நீ தனியா இல்ல'ன்னு கத்துறாரு மச்சான். நானு இங்க 'தனியாத்தான் கீறேன்யா, யாராச்சும் வாங்கய்யா'ன்னு கத்துறேன். ரெண்டு சத்தமும் சேந்து கீழ போயிருக்கு. எவன் வருவான்?"

யாரும் வரவில்லை. வரலட்சுமி வீட்டில் இருந்தாள். கத்தல் கேட்டது. மேல்வீட்டு அங்கிள் ஜெபம் பண்ணுகிறார் என்று புரண்டு படுத்தாள். "இயேசுவே, காப்பாத்து" என்று அலறுகிறார்; ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் வேறு என்ன கேட்கும்? எங்கள் மாமாவைத் தவிர இப்படி ஒரு ஏற்பாடு வேறு யாருக்கு வாய்க்கும்? மூன்று ஆராதனை பார்த்த மனுஷன் கூப்பிட்டால், அதுவும் நாலாவது ஆராதனை என்று நினைத்துவிட்டார்கள்.

எவ்வளவு நேரம் கிடந்தாரோ. தொண்டை காய்ந்துபோய், புத்தியும் கலங்கிப்போய், கடைசியில் அவரையும் அறியாமல் பழைய பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"கீழ ஆளு கீதா?"

வரலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். எந்தப் பிரசங்கத்திலும் இந்த வார்த்தை வராதே! கீழே இருக்கிறது அவள்தானே, அவளைத்தானே கேட்கிறார்!

"கீறோம் அங்கிள்! இன்னா ஆச்சு?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

மேலேயிருந்து பதிலுக்கு ஓ என்று ஓர் அழுகை வந்தது. அவள் வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனார்கள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே வார்த்தை: "ஐயரக் கூப்டும்மா. நான் பூடுவேன் போலகீது. ஐயரக் கூப்டு."

யார் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றாரோ, அதே ஐயர்! சாவு கண்ணுக்குத் தெரிந்ததும் கோயம்புத்தூர்க்காரரும் அமெரிக்காக்காரரும் எங்கே போனார்களோ தெரியவில்லை.

வரலட்சுமி பாவம், என்ன செய்வாள்? ஐயர் என்றால் அவளுக்கு ஒரே ஐயர்தான். குடியிருப்பு வாசலில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கு ஓடி, அர்ச்சனை செய்துகொண்டிருந்த ஜானகிராமன் குருக்களைக் கையோடு இழுத்துவந்துவிட்டாள். மாமா கண்ணைத் திறந்தால் எதிரே விபூதிப் பட்டையும் பஞ்சகச்சமுமாக ஒருத்தர் நிற்கிறார்.

"இந்த ஐயரு இல்லம்மா... அங்கி போட்ட ஐயரு" என்று முனகினாராம்.

குருக்கள் விவரமான மனுஷர். "எந்த ஐயரா இருந்தா என்ன, மொதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ" என்று நூற்றெட்டுக்கு அடித்துவிட்டு, மாமா போனில் கடைசியாக இருந்த என் பெயரை அழுத்தினார்.

நான் சபையில் உட்கார்ந்திருக்கிறேன். பிரசங்கம் உச்சத்தில் இருக்கிறது. போனை அணைக்க மறந்துவிட்டேன். மணி அடித்ததும் சபையே திரும்பி முறைத்தது. குனிந்து எடுத்தேன்.

"சாலமோனா? நான் ஐயர் பேசறேன்."

எனக்குத் தலை சுற்றியது. ஐயர் என் கண்ணெதிரே கையை ஆட்டிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார்! "எந்த ஐயரு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். குருக்கள் விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு ஒன்று கேட்டார், அது இன்னும் காதில் இருக்கிறது: "என் கோயிலுக்குத் தெனம் வர்றவா ஒரு நாள் வரலேன்னா நான் போன் போட்டு விசாரிப்பேன் சார். இவருக்கு அப்படி யாரும் கெடையாதா?"

நான் எழுந்து நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஐயர் பேச்சை நடுவில் நிறுத்தினார். அங்கியோடு இறங்கிவந்து என் ஆட்டோவில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் எத்தனை பேர் திணித்துக்கொண்டார்கள் என்று எண்ணவில்லை. மற்றவர்கள் பைக்கில் வந்தார்கள். கேமராவை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. லைவில் பார்த்துக்கொண்டிருந்த துபாய்க்காரன் அன்றைக்குக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நாஸ்தா தின்றிருப்பான்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாமா அங்கியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். இடுப்பு விடவில்லை.

"பிரசங்கம் முடிச்சிட்டீங்களா ஐயரே?" என்றார், வேறென்ன பேசுவது என்று தெரியாமல்.

"இல்லங்கய்யா. பாதியில வுட்டுட்டு வந்துட்டேன்" என்றார் ஐயர். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் சொன்னது தப்புங்கய்யா."

"பாதியில வுட்டதே நல்லது. இன்னிக்கு ரொம்ப நீளம்" என்றார் மாமா. சாகப் போகிற நேரத்திலும் அந்த வாய்!

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாளெல்லாம் சபை ஆட்கள் வந்தார்கள். நர்ஸ் விரட்டினார், போகவில்லை. அவருக்கென்று கொண்டுவந்த ரொட்டியில் பாதியை அவர்களே தின்றார்கள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று கமிட்டிச் சண்டையும் போட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் யாரும் வரவில்லை. அதை நான் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சரி, ஒரே ஒரு தரம் சொன்னேன்.

வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் ஒரு ஞாயிறு ஹாரன் அடித்தேன். பால்கனியில் கை ஆடவில்லை. வரலட்சுமி தோளைப் பிடித்துக்கொண்டு லிப்டிலிருந்து இறங்கி வந்தார். ஜன்னலோர இடம் காலியாகவே இருந்தது. உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. மனுஷன் வாயே திறக்கவில்லை! பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக்கி உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது பாட்டுக்கும் அப்படியே. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாக்கரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். சபைக்கு வந்தும் தனியாகவே உட்காருகிறானே இந்த மனுஷன்! பாதிச் சபை அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாடியது.

அப்போது என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. வரலட்சுமி மெசேஜ்: "அண்ணா லைவ் போட்டுகினு கீறேன். அங்கிள் சத்தமே காணோம். நல்லாத்தானே கீறாரு?"

தூங்க வேண்டிய பெண், காதில் வைத்த பஞ்சை எடுத்துவிட்டு, எந்தச் சத்தத்துக்காகச் சண்டை போட்டதோ அதே சத்தத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் எழுந்துபோய் மாமா காதில் குனிந்தேன்.

"கீழ் வூட்டுப் பொண்ணு லைவ்ல கேக்குது மாமா. ஆளு கீதான்னு."

மாமா என்னைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். எல்லாரும் மூன்றாவது அடியில் இருந்தார்கள். அவர் முதல் அடியிலிருந்து பிடித்தார். அடேயப்பா, அந்தச் சத்தம்! சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். மைக் செட்டில் இருந்தவர் திருகப் போனார். ஐயர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பாட்டைக் கேட்டால் யாருக்கும் வரும்.

போன் திரும்ப அதிர்ந்தது.

"கேட்டுச்சுண்ணா. மேல ஆளு கீது."